சாபத்துக்கும் பிறந்த தேதி உண்டு: ஹோப் வைரம் – வாசகர் கேள்வி பதில்

நவரத்தினங்கள் பற்றிய கட்டுரையில், சாபக் கல் என்று பெயரெடுத்த நீல நிற ஹோப் வைரத்தை ஒரே வரியில் தொட்டுவிட்டு நகர்ந்திருந்தோம். வந்த கடிதங்களைப் பார்த்தால் மற்ற எட்டு ரத்தினங்களையும் யாரும் படித்ததாகவே தெரியவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, பதில்களைக் கீழே தருகிறோம்.

ஹோப் வைரம் சீதாதேவி சிலையின் கண்ணிலிருந்து பிடுங்கப்பட்டது, பிடுங்கிய பிரெஞ்சு வியாபாரியை ருஷ்யாவில் நாய்கள் குதறிவிட்டன என்கிறார்களே, நிஜமா? – கும்பகோணம் வாசகர்

வியாபாரி நிஜம். ருஷ்யாவும் நிஜம். மீதி கதை.

அவர் பெயர் ழான் பத்தீஸ்த் தவெர்னியே. கிழக்கு நாடுகளுக்கு ஆறு முறை வந்துபோன ரத்தின வியாபாரி. 1665-ல் ஔரங்கசீப்பின் அரண்மனையில் நகைகளைக் கையில் வாங்கிப் பார்க்கும் அளவுக்கு மொகலாய தர்பாரில் செல்வாக்கு இருந்தது. கிருஷ்ணா நதிக்கரையில் உள்ள கொல்லூர் வைரச் சுரங்கத்தை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். பின்னாளில் ஹோப் என்று பெயர் பெற்ற நீல வைரமும் அங்கிருந்து வந்ததாகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இப்படி வருஷக்கணக்கில் பழக்கம் பிடித்து வைத்திருக்கும் வியாபாரி ஒரு கோயிலில் கைவைத்தால், மறுபடி அந்தப் பக்கம் தலைகாட்ட முடியுமா என்று யோசித்தாலே போதும்.

1668-ல் ஊர் திரும்பி, 14-ம் லூயி மன்னருக்குக் கல்லை விற்றார். நீலக் கல்லுக்கு மட்டும் 2,20,000 லீவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) கிடைத்தது. அடுத்த வருஷமே பிரபு பட்டம். ஸ்விட்சர்லாந்தில் ஒபான் என்ற ஊரில் பெரிய பண்ணையும் வாங்கினார். எண்பதைத் தாண்டிய பிறகும் சும்மா இருக்க மனமில்லாமல் மறுபடி கிழக்கே கிளம்பி, 1689-ல் ருஷ்யாவில் காலமானார். அப்போது வயது 84 இருக்கும். 17-ம் நூற்றாண்டில் அது சபிக்கப்பட்டவருக்குக் கிடைக்கும் ஆயுள் இல்லை.

1676-ல் அச்சான தன் பயண நூலில் அந்தக் கல்லைப் படம் போட்டே காட்டியிருக்கிறார். ஏறக்குறைய முக்கோணம், தட்டை, ஒழுங்கில்லாத பட்டைகள். எடை 112 3/16 காரட். சிலைக்குக் கண் வைப்பதென்றால் ஜோடி வேண்டும். அந்த ஜோடிக் கல்லை எந்தக் கதைக்காரரும் இதுவரை தேடவில்லை.

எங்கள் ஊர் ரங்கநாதரின் கண்தான் ருஷ்ய ராணியின் செங்கோலில் இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அதுவும் ஹோப் வைரமும் ஒன்றா? – ஸ்ரீரங்கம் வாசகி

வேறு வேறு. நீங்கள் சொல்வது ஆர்லோவ் வைரம். 189.62 காரட், பாதியாக அறுத்த முட்டை மாதிரி இருக்கும், லேசான நீலப்பச்சைச் சாயல். கிரிகோரி ஆர்லோவ் பிரபு அதைப் பேரரசி காதரீனுக்குக் கொடுத்தார். இன்று மாஸ்கோ கிரெம்ளினில், செங்கோலின் தலையில் இருக்கிறது.

கதை இப்படிப் போகும்: பிரெஞ்சுப் படையிலிருந்து ஓடிவந்த சிப்பாய் பக்தன் வேஷம் போட்டுக் கோயிலுக்குள் நம்பிக்கை சம்பாதித்தான். புயலடித்த ஓர் இரவில் ஒரு கண்ணைப் பிடுங்கினான். இன்னொரு கண்ணைத் தொட பயந்து சென்னைக்கு ஓடி, ஆங்கிலேயக் கப்பல் தலைவனிடம் 2,000 பவுனுக்கு விற்றான்.

கதைக்கு ஒட்டிக்கொள்ள ஒரு சரித்திர ஆணி உண்டு. கர்நாடகப் போரில் சந்தா சாகிபும் பிரெஞ்சுத் தளபதி ழாக் லாவும் ஸ்ரீரங்கம் கோயிலுக்குள்ளேயே பாளையம் இறங்கி, 1752 ஜூனில் அங்கேயே சரணடைந்தார்கள். பிரெஞ்சுச் சிப்பாய்கள் பிராகாரங்களில் படுத்துக் கிடந்த காலம் அது. ஊரில் இப்படி ஒரு கதை முளைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் கோயில் நடைமுறை கதைக்கு ஒத்துவராது. பெரிய பெருமாள் சுதைத் திருமேனி. அதனால்தான் அபிஷேகம் கிடையாது, தைலக்காப்பு மட்டும். சுதையில் மூன்று செ.மீ. அகலக் கல்லை விழியாகப் பதிக்கும் வழக்கம் நம் சிற்ப மரபில் இல்லை. கண்ணை வடித்துத்தான் திறப்பார்கள். கல் வேண்டுமானால் கிரீடத்தில் இருக்கும், பதக்கத்தில் இருக்கும், அபய ஹஸ்தத்தில் இருக்கும். வேண்டுதலுக்குச் சாத்தும் கண்மலர்கூட வெள்ளித் தகடுதான். "விக்கிரகத்தின் கண்" என்பது ஐரோப்பியக் கதைக்காரர்களின் கற்பனை. கையில் பெரிய இந்தியக் கல் ஒன்று கிடைத்தால் உடனே ஒரு சிலையைக் குருடாக்கிவிடுவார்கள்.

ஆர்லோவின் நிஜப் பூர்விகம் இதைவிடச் சுவையானது. 1665-ல் ஔரங்கசீப் அரண்மனையில் தவெர்னியே பார்த்த 'பெரிய மொகல்' வைரமும் பாதி முட்டை வடிவம்தான். அதைப் பட்டை தீட்டிய வெனிஸ்காரர் ஹோர்தென்சியோ போர்ஜியோவுக்குக் கூலிக்குப் பதில் 10,000 ரூபாய் அபராதம் விழுந்தது, கல்லை வீணடித்தார் என்று. ஆர்லோவ்தான் அந்தப் பெரிய மொகல் என்று சொல்பவர்களுக்கு எடை இடித்தது, தவெர்னியே எழுதியது 279 9/16 காரட் ஆயிற்றே. அவர் கணக்கைப் பிரித்துப் பாருங்கள்: கல் 319½ ரத்தி, ரத்திக்கு 7/8 காரட். ரத்தி என்பது நம் குன்றிமணி. அதன் எடை சுமார் 0.12 கிராம், அதாவது 0.6 காரட். 319½-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 192-க்குக் கொஞ்சம் குறைவு. ஆர்லோவ் 189.62. தவெர்னியே தப்பான ரத்தியைப் பிடித்துப் பெருக்கியிருக்கலாம் என்ற வாதம் இதிலிருந்துதான் எழுகிறது.

தவெர்னியேயிடம் 112 காரட், ஹோப் வைரம் 45 காரட். இரண்டும் ஒரே கல் என்று எப்படிச் சொல்கிறார்கள்? – கோவை வாசகர்

இந்தத் தொகுப்பிலேயே நல்ல கேள்வி இது. கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் அளவுகோல். இன்றைய காரட் 200 மில்லிகிராம். அன்றைய காரட் ஊருக்கு ஊர் மாறும், பெரும்பாலும் 205 மில்லிகிராம் சொச்சம். ஆகவே தவெர்னியேயின் 112 3/16 இன்றைய கணக்கில் சுமார் 115.

லூயி மன்னரின் ஆசாரி ழான் பித்தோ 1671 முதல் 1673 வரை அதை மறுபடி பட்டை தீட்டினார். மிஞ்சியது 67 1/8 பழைய காரட், இன்றைய 69. 46 காரட் போயிற்று. இந்தியப் பட்டைக்காரர்கள் எடை போகாமல் பார்த்துக்கொள்வார்கள். ஐரோப்பாவில் ஒளி தெறிப்பதற்காக எடையைப் பலி கொடுத்தார்கள். வைரத்தை வைரத்தூளால்தான் தேய்க்க முடியும். எண்ணெயில் குழைத்த தூளை இரும்புச் சாணைமேல் பூசி, கல்லை அதன்மேல் அழுத்திப் பிடிப்பார்கள். தேய்ந்து போகும் கல்லும் தூளாகிச் சாணையோடு போய்விடும்.

1749-ல் 15-ம் லூயிக்காக அதை ஒரு பதக்கத்தில் பதித்தார்கள். 1792 செப்டம்பர் 11 இரவிலிருந்து சில நாட்கள், பாரிஸில் அரச நகைகள் இருந்த கருவூலத்தில் திருடர்கள் முதல் மாடி ஜன்னல் வழியாக வந்து வந்து போனார்கள். ஒரே இரவில் முடிக்கவில்லை. காவல் அந்த லட்சணம். நீலக் கல் அதோடு காணாமல் போயிற்று.

இருபது வருஷம் மௌனம். பிறகு 1812 செப்டம்பர் 19 தேதியிட்ட ஒரு காகிதம். லண்டன் நகைக்காரர் ஜான் பிரான்சிலன், வைர வியாபாரி டேனியல் இலியாசனிடம் இருந்த ஒரு நீல வைரத்தைக் காகிதத்தின் மேல் வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்து, வர்ணம் தீட்டி, எடையும் எழுதி வைத்தார்: 177 கிரெய்ன். நான்கு கிரெய்ன் ஒரு காரட் என்ற கணக்கில் 44¼ பழைய காரட். அதை 205.7 மில்லிகிராமால் பெருக்கினால் 9.1 கிராம், இன்றைய 45.5 காரட். இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ள ஹோப் வைரம் 45.52 காரட். கல் அதேதான்.

தேதியைக் கவனித்தீர்களா? திருட்டு வழக்குக்குப் பிரான்ஸில் 20 வருஷ வரம்பு. அது முடிந்து சில நாட்களில் கல் வெளிச்சத்துக்கு வருகிறது, அதுவும் வடிவம் மாறி. சாபத்துக்குப் பயந்தவர்கள் செய்கிற காரியம் இல்லை இது. வக்கீலைக் கேட்டுச் செய்தது.

ஆனாலும் திருடுபோன கல்லை அறுத்துத்தான் ஹோப் வைரம் வந்தது என்பதற்கு வெகுகாலம் நேரடிச் சான்று இல்லை. 2005-ல் பழைய படங்களைக் கொண்டு கணினியில் கல்லை உருவாக்கிப் பார்த்தார்கள். உள்ளே ஹோப் அடங்கியது. 2007-ல் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பேராசிரியர் பிரான்சுவா ஃபார்ஜ், அலமாரியில் கிடந்த ஓர் ஈய வார்ப்பைக் கண்டெடுத்தார். காணாமல் போன அரச வைரத்தின் அச்சு அசல் வடிவம், முப்பரிமாணத்தில். லேசர் கொண்டு அளந்து ஹோப் வைரத்தை அதற்குள் பொருத்தியபோது சந்தேகம் தீர்ந்தது. அந்த வார்ப்போடு இருந்த பழைய சீட்டில் கல்லின் சொந்தக்காரர் 'லண்டன் ஹோப்' என்று குறித்திருந்தது இன்னும் பெரிய செய்தி. கல்லுக்குத் தன் பெயரைத் தந்த ரத்தினச் சேகரிப்பாளர் ஹென்றி பிலிப் ஹோப் அதை வாங்கும்போதே அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும் போல.

அந்தக் கல்லின் எடை தானாகக் கூடிக்கொண்டே போகிறதாமே! – வாட்ஸ்அப் தகவலை அனுப்பிய மதுரை வாசகர்

புத்தகங்களில் 44¼, 44½, 45.52 என்று மூன்று எடைகளைப் பார்த்திருப்பீர்கள். முதலிரண்டும் பழைய காரட் கணக்கை ஒட்டி வந்தவை. 1974-ல்தான் பதக்கத்திலிருந்து கழற்றி நவீனத் தராசில் வைத்தார்கள். வளர்ந்தது கல் இல்லை, காரட்தான் சுருங்கிற்று.

சரி, சாபம் என்ற பேச்சை யார் ஆரம்பித்தார்கள்? – திருநெல்வேலி வாசகர்

1839-ல் ஹோப்பின் ரத்தினச் சேகரிப்புக்கு ஒரு பட்டியல் அச்சானது. அதில் இந்தக் கல்லுக்கு அடைமொழிகள் ஏராளம், சாபம் என்று ஒரு சொல் இல்லை. 1851-ல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் ஊரே பார்த்தது. அப்போதும் யாரும் முணுமுணுக்கவில்லை.

குடும்பத்தின் கடைசி வாரிசு பிரான்சிஸ் ஹோப் சூதாடிக் கடனில் மூழ்கியவர். நடிகையான மனைவி மே யோஹேயும் விட்டுப் போனார். நீதிமன்றத்தில் பல வருஷம் போராடி 1901-ல் கல்லை விற்றார். அதை வாங்கிய நியூயார்க் நகை வியாபாரி, 1907 நிதி நெருக்கடியில் மாட்டிக்கொண்டார். கல் விலைபோகவில்லை. இந்த நேரத்தில்தான், 1908 ஜனவரியில், வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் 'வைத்திருந்த எல்லோருக்கும் துன்பம் தந்த வைரம்' என்ற பாணியில் ஒரு கட்டுரை வெளியிட்டது. 1909 ஜூனில் பாரிஸ் ஏலத்தை ஒட்டி லண்டன் டைம்ஸ் நிருபர் ஒரு நீண்ட பலிப்பட்டியலையே போட்டார். உலகம் முழுக்க அதைத்தான் இன்றுவரை காப்பியடிக்கிறார்கள்.

பட்டியலில் கனிதோவ்ஸ்கி என்று ஒரு ருஷ்ய இளவரசர், அவர் சுட்டுக் கொன்றதாக லதூ என்று ஒரு நாட்டியக்காரி, குடும்பத்தோடு மலையிலிருந்து உருண்ட மொந்தாரிதேஸ் என்று ஒரு கிரேக்க நகைக்காரர். மூவரும் கல்லை வைத்திருந்ததற்கு ஒரு ரசீதுகூடக் கிடையாது. வேறு சிலர் நிஜ மனிதர்கள், மரணம்தான் இரவல். துருக்கி வியாபாரி சலீம் ஹபீப் கல்லோடு சிங்கப்பூர் அருகே கப்பல் மூழ்கி இறந்தார் என்று 1909 நவம்பரில் செய்தி வந்தது. லா சேன் என்ற அந்தக் கப்பல் மூழ்கியது உண்மை. இறந்தவர் அதே பெயருள்ள வேறொருவர். கல் ஐந்து மாதம் முன்பே அவர் கையை விட்டுப் போய்விட்டது.

மே யோஹே பிற்பாடு கையில் காசில்லாமல் போனபோது இதே சாபத்தை வைத்து 1921-ல் தொடர்படம் எடுக்கக் கொடுத்தார். சாபத்தால் சம்பாதிக்கப் பார்த்த முதல் ஆள் அவரில்லை என்பது பின்னால் வரும் ஒரு பதிலில் தெரியும்.

மரீ அந்துவானெத் ராணி இதை அணிந்ததால்தான் தலை போயிற்றா?

அவர் அணிந்ததற்கு ஆதாரம் இல்லை. 1749-ல் கல்லைப் பதித்த அந்தப் பதக்கம் அரசர் மட்டுமே அணியும் வீரர் விருதுச் சின்னம். 14-ம் லூயி அதே கல்லோடு சுமார் 45 வருஷம் அரசாண்டதைச் சாபக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

கடைசியாக அணிந்த அமெரிக்கப் பெண்மணியின் குடும்பமே அழிந்ததே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? – ஈரோடு வாசகி

எவலின் வால்ஷ் மக்லீன். தங்கச் சுரங்க முதலாளியின் மகள். கணவர் குடும்பத்துக்குச் சொந்தமானது வாஷிங்டன் போஸ்ட், சாபக் கட்டுரை வந்த அதே பத்திரிகை.

1910-ல் பாரிஸில் நகை வியாபாரி பியேர் கார்த்தியே இவரிடம் கல்லைக் காட்டியபோது, கூடவே சாபக் கதையையும் விஸ்தாரமாகச் சொன்னார். அதிர்ஷ்டமில்லாத பொருள்கள் எனக்கு அதிர்ஷ்டம் என்று இந்த அம்மாள் பேசுவதை அவர் முன்பே கேட்டிருந்தார். பதக்கத்தின் கட்டு பிடிக்கவில்லை என்று திருப்பிவிட்டார் எவலின். கார்த்தியே கட்டை மாற்றி, அமெரிக்காவுக்கே கொண்டுவந்து, "இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்து பாருங்கள்" என்று விட்டுப் போனார். 1911 ஜனவரியில் 1,80,000 டாலருக்கு வியாபாரம் முடிந்தது. ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: ஆறு மாதத்துக்குள் குடும்பத்தில் சாவு விழுந்தால், அதே மதிப்புள்ள வேறு நகையாக மாற்றித் தரப்படும். நம் கடைத்தெருவில் "ஒத்துக்கலைன்னா கொண்டாங்க, மாத்திக்கலாம்" என்பதன் முத்திரைத்தாள் வடிவம்.

எவலின் கல்லைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோய் ஆசீர்வாதம் வாங்கினார். பிறகு பயமே இல்லை, வீட்டு நாயின் கழுத்தில்கூட மாட்டியிருக்கிறார். 1919-ல் ஒன்பது வயது மகன் கார் மோதி இறந்தான். கணவர் குடியில் அழிந்து, பத்திரிகை திவாலாகி 1933-ல் ஏலம் போனது. அவர் 1941-ல் மனநல மருத்துவமனையில் இறந்தார். 1946-ல் மகள் தூக்க மாத்திரை அதிகமாகி இறந்தாள். மறு வருஷம் எவலினும் போனார்.

இது துக்கம், மறுக்கவே முடியாது. ஆனால் அளவில்லாத பணம், கட்டில்லாத குடி, 36 வருஷம் – இந்த மூன்றையும் எந்தக் குடும்பத்தில் சேர்த்து வைத்தாலும் பட்டியல் போட நிறையச் சாவுகள் கிடைக்கும். எவலின் தன் துயரங்களுக்குக் கல்லைக் குற்றம் சொல்லவில்லை. 1932-ல் அமெரிக்க விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்தப்பட்டபோது மீட்டுத் தருவதாகச் சொன்ன ஓர் ஏமாற்றுக்காரனிடம் 1,04,000 டாலரைத் தொலைத்தார். அதுவும் சாபத்தில் சேராது, இரக்கக் குணத்தில்தான் சேரும்.

இருட்டில் அந்தக் கல் ரத்தமாக ஒளிரும் வீடியோ பார்த்தேன். கிராபிக்ஸா? – தாம்பரம் கல்லூரி மாணவர்

கிராபிக்ஸ் இல்லை. குறுகிய அலைநீளப் புற ஊதா விளக்கைக் கல்மேல் அடித்து அணைத்தால், கனிந்த கரி மாதிரி ஆரஞ்சு கலந்த சிவப்பில் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஒளிர்ந்து மெல்ல மங்கும்.

காரணம் போரான். வைரம் கரிம அணுக்களின் அடுக்கு. பத்து லட்சம் அணுவுக்கு ஒன்றுகூடத் தேறாத அளவில் போரான் அங்கங்கே இடம் பிடித்தால், கல் சிவப்பு ஒளியை விழுங்கி நீலமாகத் தெரியும், கொஞ்சம் மின்சாரமும் கடத்தும். இந்த ரகத்தில் விளக்கை அணைத்த பின் மிஞ்சும் ஒளி இரண்டு சாயல்களில் வரும், ஒன்று பச்சை கலந்த நீலம், மற்றது சிவப்பு. பெரும்பாலான நீல வைரங்களில் முதல் சாயல் ஓங்கியிருக்கும், ஹோப்பில் சிவப்பு ஓங்கியிருக்கிறது. இரண்டின் விகிதமும் மங்கும் வேகமும் கல்லுக்குக் கல் மாறும் என்பதால் கைரேகை மாதிரி அடையாளம் காணவும் உதவும். போரான் வைரங்கள் பூமிக்கு அடியில் 660 கிலோமீட்டருக்கும் கீழே உருவானவை என்று 2018-ல் வந்த ஆய்வு காட்டியது. இவ்வளவு ஆழத்திலிருந்து வந்த பொருளுக்கு அமானுஷ்யம் தனியாக எதற்கு?

எங்கள் பாட்டியின் தோடு 'ப்ளூ ஜாகர்'. அதுவும் ஹோப் மாதிரி நீல வைரமா? – மயிலாப்பூர் வாசகி

இல்லை. ஜாகர் என்ற பெயர் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது. 1870-ல் தொடங்கிய சுரங்கம். அதன் கற்கள் உண்மையில் வெள்ளை. வெயிலில் உள்ள புற ஊதாவை உறிஞ்சி நீலமாக உமிழ்வதால் நீலம் பாய்ந்த வெள்ளையாகத் தெரியும். இதற்குக் காரணம் நைட்ரஜன், போரான் இல்லை. நம் கடைகளில் பிற்பாடு எந்தச் சுரங்கத்து நல்ல வெள்ளைக் கல்லுக்கும் இந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

வீட்டிலேயே பார்க்கலாம். கள்ளநோட்டு பார்க்கும் 365 நானோமீட்டர் டார்ச் போதும். அறையை இருட்டாக்குங்கள். தோட்டைக் கறுப்புக் காகிதத்தில் வைத்து, பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். ஜாகர் வகை என்றால் நீலமாக ஒளிரும், விளக்கை அணைத்ததும் நின்றுவிடும். வெள்ளை வேட்டிமேல் வைத்துப் பார்க்காதீர்கள். சலவைத் தூளில் உள்ள வெண்மையூட்டி தானே நீலமாக ஒளிர்ந்து ஏமாற்றும், கல்லில் ஒட்டிய பஞ்சும் அப்படியே. ஒளிராவிட்டால் பொய்க்கல் என்று பதற வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு வைரங்கள்தான் ஒளிரும். ஏழு கல்லில் ஐந்து ஒளிர்ந்து இரண்டு ஒளிராமல் இருந்தால், எப்போதோ கல் மாற்றியிருக்கலாம் என்று மட்டும் சொல்லலாம்.

பின்பக்கம் மூடிக் கட்டிய தோட்டைச் சோப்புத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். உள்ளே நீர் இறங்கினால் அடித்தகடு கறுத்து, கல்லே மங்கிவிட்ட மாதிரி தெரியும். முன்பக்கம் மட்டும் ஈரத் தூரிகையால் துடைத்தால் போதும்.

வைரத்தையும் நீலத்தையும் மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்த்து வாங்குவது மூடநம்பிக்கைதானே? – சேலம் வாசகர்

நம்பிக்கையை விடுங்கள், அந்த மூன்று நாள் அவகாசம் நல்ல ஏற்பாடு. அதை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதுதான் கேள்வி. தலையணைக்கு அடியில் வைத்துக் கனவு வருகிறதா என்று பார்ப்பதைவிட, பத்து மடங்கு லூப்பில் (நகைக்காரரின் உருப்பெருக்கிக் கண்ணாடி) பாருங்கள்.

'தோஷம்' என்ற சொல்லுக்கு ரத்தின சாஸ்திரத்தில் பொருள் கல்லில் உள்ள குறை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மதுரை ரத்தினக் கடைத்தெருவில் நல்ல வைரத்துக்கு இலக்கணமாக "காக பாதமும் களங்கமும் விந்துவும் ஏகையும் நீங்கி" என்று வருகிறது. காக்கைக் கால் போல் கிளைத்த வெடிப்பு, கறை, புள்ளி, கீற்று. இன்றைய பரிசோதனைக் கூடச் சான்றிதழ் சொல்வதும் இவற்றைத்தான். காகபாதம் உள்ள கல் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். கல்லுக்கே ஆகாது என்பது உறுதி. வைரம் கீறாது, ஆனால் நான்கு திசைகளில் பிளக்கும். வெடிப்பு விளிம்புவரை வந்திருந்தால், கல்லைப் பிடிக்கும் பற்களை மடக்கும்போதோ, கடையில் அல்ட்ராசானிக் தொட்டியில் போடும்போதோ சில்லு பெயர்ந்துவிடும்.

நீலத்துக்கு வருவோம். கட்டாத கல்லானால் அடர்த்தி பார்க்கலாம். ஒரு மில்லிகிராம் துல்லியமுள்ள தராசு, தட்டைத் தொடாமல் பாலம் போல் நிற்கும் ஒரு மேடை, அதன்மேல் ஆறவைத்த கொதிநீர் அரை டம்ளர், தராசுத் தட்டில் நிறுத்திய சட்டத்திலிருந்து தொங்கும் மெல்லிய கம்பித் தொட்டில். முதலில் கல்லைக் காற்றில் நிறுங்கள். பிறகு தொட்டிலில் வைத்து நீருக்குள் தொங்கவிட்டு நிறுங்கள், தொட்டிலின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். காற்றில் 1.000 கிராம், நீரில் 0.750 என்றால் வித்தியாசம் 0.250. ஒன்றை அதால் வகுத்தால் 4.00, நீலத்தின் அடர்த்தி. நீரில் 0.600 வந்தால் விடை 2.5, கண்ணாடி.

தவறு நேர்வது குமிழியால். ஒரு காரட் கல்லில் 2 மி.மீ. குமிழி ஒன்று ஒட்டினாலும் 4.00 வர வேண்டியது 3.7 பக்கம் இறங்கி, ஸ்பினல் என்ற வேறு கல்லோ என்று சந்தேகம் தட்டும். நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவம் விட்டால் குமிழி ஒட்டாது.

ஆனால் 4.00 வந்துவிட்டதாலேயே இயற்கைக் கல் என்று ஆகிவிடாது. வெர்னாய் முறையில் உலையில் வளர்த்த நீலம் 1910 வாக்கிலேயே சந்தைக்கு வந்துவிட்டது. அதற்கும் அடர்த்தி 4.00தான். "கொள்ளுப்பாட்டி காலத்துக் கல், அப்போது ஏது போலி" என்ற பேச்சு செல்லாது. கல்லை நீருள்ள வெள்ளைக் கிண்ணத்தில் போட்டு, அடியிலிருந்து ஒளி விட்டு லூப்பில் பாருங்கள். நிறக் கோடுகள் இசைத்தட்டு வரிகள் போல வளைந்திருந்தால் உலைக் கல். நேராகவோ, கோணமாக முறிந்தோ இருந்தால் இயற்கைக்கு நல்ல அறிகுறி.

பாண்டிச்சேரியில் பிரம்மாவின் கண்ணாக இருந்த கறுப்பு வைரம் பற்றி... – புதுச்சேரி வாசகர்

கறுப்பு ஆர்லோவ், 67.50 காரட். மறுபடியும் கண், மறுபடியும் பிடுங்கல், சொந்தக்காரர்கள் மாடியிலிருந்து குதித்த கதை மூன்று. இந்தியச் சுரங்கங்களில் இப்படிப்பட்ட கறுப்பு வைரம் எடுத்ததாகச் செய்தியே இல்லை. பிரம்மாவுக்கு எட்டுக் கண் என்பதையாவது கதை கட்டியவர் யோசித்திருக்கலாம்.

ஹோப் வைரத்தை இப்போது பார்க்க முடியுமா? – அமெரிக்கா போகவிருக்கும் வேலூர் வாசகர்

முடியும். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், நுழைவுக் கட்டணம் கிடையாது. கண்ணாடிப் பேழைக்குள் மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும். நீளம் 25.60 மி.மீ., அகலம் 21.78, அதாவது நம் பத்து ரூபாய் நாணயத்துக்குள் கிட்டத்தட்ட அடங்கிவிடும். சுற்றி 16 வெள்ளை வைரங்கள். போட்டோவில் பார்த்த பளிச் நீலத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நேரில் சாம்பல் கலந்த கருநீலம்.

1949-ல் எவலினின் நகைகளை மொத்தமாக வாங்கிய நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டன், 1958 நவம்பரில் இதை அருங்காட்சியகத்துக்குத் தானமாகக் கொடுத்தார். நியூயார்க்கிலிருந்து பதிவுத் தபாலில், பழுப்புக் காகிதம் சுற்றி அனுப்பினார். மொத்தச் செலவு 145 டாலர் 29 சென்ட். அதில் தபால் கட்டணம் 2.44 டாலர்தான், மீதி பத்து லட்சம் டாலர் காப்பீட்டுக்கு. பொட்டலத்தைச் சுமந்துபோன தபால்காரருக்குப் பிறகு விபத்து நேர்ந்ததையும் பத்திரிகைகள் பட்டியலில் சேர்த்தன. அதே ஊரில் தேசியத் தபால் அருங்காட்சியகமும் இருக்கிறது. அந்தப் பழுப்புக் காகிதம், ஒட்டிய முத்திரைகளோடு, அவர்களிடம் பத்திரமாக இருக்கிறது.